மலை வீட்டு டிவிக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தாங்க. டிவில மாட்டி வீட்டோட உக்காந்து படம் பாக்க ஒரு கம்ப்யூட்டர் செட் பண்ணணும், செலவும் கையக் கடிக்கக் கூடாது. மழ புடிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இந்த நெனப்பு வர்றது நியாயம்தான், அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. கோத்தகிரி பக்கம் எங்க ஹட்டி (படுகர் ஊரு), கொஞ்சம் தேயிலத் தோட்டம் இருக்கு. வீட்ல 43 இன்ச் 4கே டிவி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. மழ வலுத்தா டிடிஹெச் நின்னு போகுது, எங்கயாவது மரம் விழுந்தா ஃபைபர் லைன் வர நாளாகுது. ஒரு ட்ரங்க் பெட்டி நெறைய டிவிடி இருக்கு, கல்யாண வீடியோ, ஹெத்தை ஹப்ப (ஹெத்தையம்மன் திருவிழா) வீடியோ எல்லாம் பென்டிரைவ்ல கெடக்கு. எல்லாத்தையும் ஒரு எடத்துல போட்டு டிவில பாக்கற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். ஸ்பீக்கரோட சேத்து 40,000 ரூபாதான் முடியும். கோயம்புத்தூர்ல ஒரு கடையில கேட்டதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், கலர் லைட் வெச்ச கேபினட்னு போட்டு ஸ்பீக்கர் இல்லாமலே 62,000-க்கு கொட்டேஷன் குடுத்தாங்க. இது எல்லாம் தேவையா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: தேவையே இல்லங்க தம்பி. அந்த கொட்டேஷன் விளையாடறவங்களுக்கு போட்டது, படம் பாக்கறவங்களுக்கு இல்ல.

ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சுட்டா எந்த கடைக்காரர் முன்னாடியும் நீங்க தைரியமா பேசலாம். ஒரு வீடியோ ஃபைல் சுருக்கி வெச்ச சரக்கு, பாக்கறப்போ அத விரிக்கணும். அந்த விரிக்கற வேலைக்கு இப்போ வர்ற ப்ராசஸருக்குள்ளயே தனியா ஒரு சின்ன பகுதி இருக்கு. அது இருந்துச்சுன்னா 4கே படம் ஓடறப்போ கூட ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கும், சூடு ஆகாது, ஃபேன் கத்தாது. அது இல்லன்னா எவ்வளவு பெரிய ப்ராசஸரா இருந்தாலும் மூச்சு வாங்கும், படம் விட்டு விட்டு ஓடும். அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி எத்தன ஜிபி, எத்தன கோர் இல்ல, எந்த எந்த ஃபார்மேட்ட (வீடியோவ சுருக்கற முறைய) அந்த தனிப் பகுதி, அதாவது ஹார்டுவேர்லயே விரிக்கும் அப்படிங்கறதுதான். இன்டெல்ல 7-வது தலைமுறை, அதாவது 2016 கடைசி 2017 வாக்குல வந்ததுல இருந்து ஹெச்இவிசி 10 பிட், விபி9 ரெண்டும் விரிக்கும், 4கே படத்துல முக்காவாசி இந்த ரெண்டுல வந்துடும். ஏவி1-னு புதுசா ஒண்ணு யூடியூப்ல எல்லாம் வருது, அதுக்கு 11-வது தலைமுறையாவது வேணும்.

உங்க காசுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்பெனிகள்ல பயன்படுத்திட்டு விக்கற ஆபீஸ் குட்டி கம்ப்யூட்டர், டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி இந்த ரகம், ஒரு தடிமனான புஸ்தகம் அளவுதான் இருக்கும். காந்திபுரம் பக்கம் செகண்ட்ஸ் கடைகள்ல கெடைக்கும். இதுல 8-வது தலைமுறைக்கு கீழ வாங்காதீங்க, காரணம் விண்டோஸ் 11 அதுல இருந்துதான் முறைப்படி ஏறும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது வழி, இன்டெல் என்100 போட்ட புது மினி பிசி. 2023-ல வந்த சிப், நாலு கோர், 6 வாட்தான், ஆனா ஏவி1 வரைக்கும் எல்லாத்தையும் விரிக்கும். ரெண்டுமே 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டியோட பதினஞ்சாயிரத்த ஒட்டி முடியற சமாச்சாரம், இப்போ ராம் விலை ஏறிக்கெடக்கறதால கடைக்கு கடை மாறும், விசாரிச்சு வாங்குங்க. படம் மட்டும்தான்னா என் ஓட்டு என்100-க்கு. பசங்க படிப்பு, பில் போடறது, ஆபீஸ் வேலையும் அதுலயே பாக்கணும்னா இன்டெல் ஐ5 ப்ராசஸர் போட்ட அந்த பழைய ஆபீஸ் பொட்டி கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும்.

செகண்ட்ஸ் எடுத்தா பின்னாடி திருப்பி போர்ட்ட பாருங்க. சில மாடல்ல ஹெச்டிஎம்ஐ இருக்கும் ஆனா அது 1.4, அதுல 4கே 30 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 30 படம்) வரும், மவுஸ் நகத்துனாலே இழுவையா தெரியும். பக்கத்துலயே டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், அதுல இருந்து ஹெச்டிஎம்ஐ 2.0-க்கு மாத்தற ஆக்டிவ் அடாப்டர் ஒண்ணு வாங்கி மாட்டினா 60 ஹெர்ட்ஸ் வந்துடும். கடைக்காரர் சும்மா கன்வெர்ட்டர்னு ஒண்ண நீட்டுவார், 4கே 60 ஹெர்ட்ஸ்னு அட்டையில போட்டிருக்கான்னு பாத்துதான் வாங்கணும்.

இப்போ மலைல இருக்கற நமக்குன்னு உள்ள விஷயத்துக்கு வர்றேன். கீழ இருக்கறவங்க ப்ராசஸர் பத்தி மட்டும் யோசிச்சா போதும், நாம கரண்ட்டு, ஈரம், சத்தம் மூணையும் யோசிச்சுதான் காச பிரிக்கணும். கரண்ட்டு கணக்கு போடுவோம். உங்க டிவி ஒரு 80 வாட், மினி பிசி படம் ஓடறப்போ 15 வாட், ஸ்பீக்கர் ஒரு 25, மொத்தம் 120. வீட்ல 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரியோட இன்வெர்ட்டர் இருந்தா காகிதத்துல 1,800 வாட் ஹவர், நடுவுல வீணாகறது, பேட்டரிய சுத்தமா வடிக்கக் கூடாதுங்கறது எல்லாம் கழிச்சா ஒரு 1,000 கைக்கு வரும். எட்டு மணி நேரம் ஓடும், மூணு படம் பாக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட அந்த 62,000 ரூபா பொட்டி சும்மா படம் ஓட்டவே 60, 70 வாட் இழுக்கும், பாதி ராத்திரில இன்வெர்ட்டர் கீங் கீங்னு கத்த ஆரம்பிச்சுடும். ஆடி மாசக் காத்துல லைன் போச்சுன்னா எப்போ வரும்னு நமக்கு தெரியாதே, அதனால குட்டிப் பொட்டிதான் நமக்கு சரி.

இன்வெர்ட்டர்ல பின்பக்கம் யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத போட்டு வைங்க, இல்லன்னா கரண்ட் மாறற நொடியில கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சைன்வேவ் இன்வெர்ட்டரா இருந்தா தனியா யூபிஎஸ் வாங்கற செலவு மிச்சம். இன்வெர்ட்டரே இல்லாதவங்க ஒரு 600 விஏ யூபிஎஸ் வெச்சுக்கணும், அதுல உள்ள சின்ன பேட்டரிக்கு கால் மணி இருபது நிமிஷம்தான் ஆயுசு, படத்த நிறுத்திட்டு ஒழுங்கா ஷட்டவுன் பண்ண போதும். ஸ்டெபிலைசர் வேணுமான்னு நெறைய பேர் கேக்கறீங்க. மினி பிசியோட அடாப்டர திருப்பி பாருங்க, 100-240 வோல்ட்னு அச்சடிச்சிருக்கும், சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு எறங்கினாலும் அது கவலப்படாது. பயப்பட வேண்டியது குறைஞ்ச வோல்டேஜுக்கு இல்ல, போய்ட்டு வர்றப்போ அடிக்கற அடிக்கும் இடிக்கும்தான்.

சத்தம். உங்களுக்கு தகர ஷீட் கூரையா கான்கிரீட்டான்னு நீங்க எழுதல. தகரமா இருந்தா அக்டோபர் நவம்பர்ல மழ அடிக்கறப்போ டிவியோட சொந்த ஸ்பீக்கர்ல வசனம் ஒண்ணும் கேக்காது, சத்தத்த ஏத்துனா பாட்டும் சண்டையும் காத கிழிக்கும். அதனாலதான் சொல்றேன், ப்ராசஸர்ல மிச்சம் புடிச்ச காச ஸ்பீக்கர்ல போடுங்க. பத்தாயிரத்துக்கு ரெண்டு நல்ல பவர்டு (ஆம்ப்ளிஃபையர் உள்ளயே இருக்கற) புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கறது அதே விலைக்கு அஞ்சு குட்டி டப்பாவும் ஒரு உறுமற உஃபரும் வெச்ச 5.1 செட்ட விட எவ்வளவோ மேல். டிவிக்கு ரெண்டு பக்கமும், உக்காந்தா காது எங்க வருமோ அந்த உயரத்துல வைங்க, சுவத்து மூலையில தள்ளாதீங்க, மூலையில வெச்சா பேச்சு கொழகொழன்னு ஆயிடும். கோடின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, படம் பாக்க நான் சிபாரிசு பண்றது அதத்தான், அதுல 5.1 படத்த ரெண்டு ஸ்பீக்கருக்கு மாத்தறப்போ நடு சேனல மட்டும் தூக்கிக் குடுக்கற செட்டிங் ஒண்ணு ஆடியோ பக்கத்துல இருக்கு. வசனம் பூரா நடு சேனல்லதான் இருக்கும், அத ஏத்துனீங்கன்னா மழ சத்தத்துக்கு நடுவுல பாட்டிக்கும் பேச்சு புரியும். அதே கோடில ஓடற படத்துக்கு ஏத்த மாதிரி டிவியோட ரிஃப்ரெஷ் ரேட்ட மாத்திக்கற செட்டிங்கையும் ஆன் பண்ணுங்க. சினிமா நொடிக்கு 24 படம், டிவி 60, இது ரெண்டும் ஒத்துப் போகாம கேமரா பக்கவாட்டுல நகர்றப்போ ஒரு திக்கல் வரும், நெறைய பேர் அத கம்ப்யூட்டர் ஸ்லோன்னு நெனச்சு ராம் வாங்கிப் போடறாங்க.

ஈரம்தான் நம்ம ஊர்ல பொருள கொல்றது. மழ மாசத்துல ரெண்டு மூணு வாரம் தொடாம வெச்ச கம்ப்யூட்டர தொறந்து ராம உருவிப் பாருங்க, தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கற எடத்துல மங்கலா ஒரு படலம் ஏறியிருக்கும், ஓரத்துல லேசா பச்ச கூட தெரியும். பென்சில் அழிக்கற ரப்பர்ல மெதுவா தேச்சு, தூள ஊதிட்டு மாட்டினா பல மிஷின் உயிரோட எழுந்துக்கும், அதுக்கு போய் மதர்போர்டு போச்சுன்னு மாத்தினவங்க இருக்காங்க. இது வராம இருக்க சுலபமான வழி தெனமும் கொஞ்ச நேரமாவது ஓட்டறதுதான், அந்த சூடே உள்ள இருக்கற ஈரத்த வெரட்டும். கண்ணாடி ஷோகேஸ்ல பூட்டி வெக்காதீங்க, வெளிச் சுவத்த ஒட்டியும் வெக்காதீங்க, அந்த சுவர்தான் முதல்ல வேர்க்கும். சிலிக்கா ஜெல் மணி நீலக் கலர் வாங்கி ஒரு துணி முடிச்சுல போட்டு பக்கத்துல வைங்க, ரோஸ் ஆயிடுச்சுன்னா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலில வறுத்தா திரும்ப நீலம் ஆகும். ராத்திரி பூரா வண்டில குளிர்ல கெடந்த பொட்டிய அடுப்பு எரியற வீட்டுக்குள்ள கொண்டு வந்த ஒடனே ஆன் பண்ணிடாதீங்க, உள்ள பனி புடிச்சிருக்கும், ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க.

படம் சேத்து வெக்க எவ்வளவு எடம் வேணும்னா, வீடியோ வேகம் ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) இருந்தா மணிக்கு 0.45 ஜிபி. 8 எம்பிபிஎஸ்ல உள்ள நல்ல 1080 படம் ரெண்டரை மணி நேரத்துக்கு 9 ஜிபி வரும், 2 டிபி டிஸ்க்ல இருநூறு படம் புடிக்கும். உங்க டிவிடி எல்லாம் அதிகபட்சம் ஒண்ணு 8.5 ஜிபிதான். மலை உயரத்துக்கு ஹார்டு டிஸ்க் தாங்குமான்னு ஒரு பயம் சில பேருக்கு இருக்கு, ஏன்னா டிஸ்க்கோட தலை தட்டுக்கு மேல மெல்லிசான காத்துலதான் மிதக்குது. சாதாரண டிஸ்க்குகளுக்கு கம்பெனிக்காரங்க 3,000 மீட்டர் சொச்சம் வரைக்கும் ஓட்டலாம்னு போடறாங்க, நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், தாராளமா வாங்குங்க. ஆனா கல்யாண வீடியோவும் ஹப்ப வீடியோவும் ஒரே டிஸ்க்ல மட்டும் இருக்கக் கூடாது. இன்னொரு காப்பி போட்டு அக்கா வீட்லயோ தம்பி வீட்லயோ குடுத்து வைங்க, சினிமா போனா திரும்ப வாங்கிக்கலாம், பாட்டி ஆடின ஆட்டத்த திரும்ப எங்க போய் எடுக்கறது.

ஆக, பொட்டிக்கு 15,000, டிஸ்க்குக்கு 7,000-ல இருந்து 8,000, ஸ்பீக்கருக்கு 10,000, யூஎஸ்பி டிவிடி டிரைவ், சின்ன வயர்லெஸ் கீபோர்டு, கேபிள் எல்லாம் ஒரு 3,500. மிச்சம் இருக்கறதுல எலெக்ட்ரீஷியன கூப்புட்டு எர்த் பாக்க சொல்லுங்க, இது ஏன்னு கீழ கூடலூர்க்காரருக்கு எழுதியிருக்கேன். ஓடிடி மட்டும் இந்த கம்ப்யூட்டர்ல எதிர்பாக்காதீங்க. படத்த காப்பி எடுக்காம தடுக்கற பதிப்புரிமை பூட்டு காரணமா நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் ப்ரவுசருக்கு ப்ரவுசர் தரத்த கொறச்சு குடுக்கும், லினக்ஸ்ல இன்னும் கொறையும். நெட் இருக்கற நாள்ல டிவிலயே இருக்கற ஆப்ல பாருங்க, நெட் போன நாளுக்கு உங்க டிஸ்க் இருக்கு.

கேள்வி: சார், நான் ஹெச்பிஎஃப்ல (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரி) வேல பாத்து ரிட்டயர் ஆனவன். எங்கிட்ட வீட்டு விசேஷம், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பொங்கல் விழா எல்லாம் எடுத்த விஹெச்எஸ் கேசட் இருபதுக்கு மேல இருக்கு. சிலதுல வெள்ளையா பூஞ்ச தெரியுது. கம்ப்யூட்டர்ல ஏத்தி டிவில பாக்க முடியுமா? (வாசகர், இந்து நகர், ஊட்டி)

பதில்: முடியும் ஐயா, தயவுசெஞ்சு சீக்கிரம் பண்ணுங்க. பூஞ்ச தெரியற கேசட்ட மட்டும் எந்த காரணத்துக்கும் விசிஆர்ல போடாதீங்க. அந்த வெள்ளப் பொடி சுத்தற ஹெட்ல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் நீங்க போடற ஒவ்வொரு நல்ல கேசட்டுக்கும் அது பரவும், டேப்போட மேல் பூச்சையும் கீறிடும். முதல்ல கேசட் ஜன்னல் வழியா டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாத்து, சுத்தமா இருக்கறத ஒரு பக்கம், பொடி படிஞ்சத மூடி போட்ட டப்பால சிலிக்கா ஜெல்லோட இன்னொரு பக்கம் பிரிச்சு வைங்க. பொடி படிஞ்சத டேப் க்ளீன் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடுங்க. ஃபிலிமையே வாழ்நாள் பூரா கையாண்ட உங்களுக்கு ஈரம் என்ன பண்ணும்னு நான் சொல்லத் தேவையில்ல.

சுத்தமான கேசட்டுக்கு ஓடற நிலைல ஒரு விசிஆர், அதோட மஞ்ச, வெள்ள, செவப்பு பின்ன யூஎஸ்பில வாங்கற கேப்ச்சர் டப்பா, இது ரெண்டும் போதும். படம் 720க்கு 576, நொடிக்கு 25-ன்னு வைங்க, அதுதான் நம்ம நாட்டு பால் (PAL) டிவி முறை. சுருக்கி வெச்சா மணிக்கு 3 ஜிபி போல வரும், அதுக்கும் கீழ நசுக்காதீங்க. பழைய வீடியோல அசையற கை காலெல்லாம் சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா தெரியும், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுடாதீங்க, ரெண்டு அரை படமா எடுத்தது அப்படித்தான் தெரியும், கோடில டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணா போயிடும். ஏத்தி முடிச்சதும் கேசட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் அசல். அந்த குவார்ட்டர்ஸ் பொங்கல் வீடியோ உங்க வீட்டு சொத்து மட்டும் இல்ல ஐயா, ஃபேக்டரி மூடி எங்கெங்கயோ போன குடும்பங்களுக்கு எல்லாம் சொந்தம். ஒரு காப்பிய பழைய ஆளுங்களுக்கும் குடுங்க.

கேள்வி: அண்ணா, டிவில கம்ப்யூட்டர் மாட்டினதுல இருந்து ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரே இரைச்சல். கேபினட் தொட்டா சுர்ருனு இழுக்குது. எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்கற பொட்டி) மாத்தியும் போகல. (வாசகி, கூடலூர்)

பதில்: எஸ்எம்பிஎஸ் மேல தப்பு இல்லம்மா, உங்க வீட்ல எர்த் வேல செய்யல. எஸ்எம்பிஎஸ்குள்ள இரைச்சல வடிகட்டற கெப்பாசிட்டர் ரெண்டு இருக்கு, அது அந்த கரண்ட்ட எர்த் வழியா எறக்கணும். எர்த் இல்லன்னா அது கேபினட்லயே நிக்கும், தொட்டா கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் சுர்ருங்கும். மூணு பின் ப்ளக்க ரெண்டு பின் பலகைல மாட்டியிருந்தாலோ, எர்த் கம்பி குழிக்கு போகாம சுவத்துக்குள்ளயே முடிஞ்சிருந்தாலோ இதுதான் நடக்கும். மலைல பாறை மண்ணு, எர்த் குழி சரியா வேல செய்யணும்னா ஆழமும் வேணும், கோடைல தண்ணி ஊத்தவும் வேணும். எலெக்ட்ரீஷியன வரச் சொல்லி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்னு மீட்டர் வெச்சு பாக்க சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இரைச்சல் போகணும்னு எர்த் பின்ன வெட்டி விடச் சொல்ற ஆளுங்க இருக்காங்க, கொழந்தைங்க நடமாடற வீட்ல அத மட்டும் பண்ணவே பண்ணாதீங்க.

எர்த் சரி பண்ணியும் இரைச்சல் இருந்தா டிவி பின்னாடி கேபிள் டிவி ஒயர மட்டும் கழட்டிப் பாருங்க. ஒடனே நின்னுடுச்சுன்னா அது வழியா வேற ஒரு எர்த் உள்ள வருதுன்னு அர்த்தம், அதுக்கு ஐசொலேட்டர்னு ஒரு சின்ன டப்பா போட்டா தீர்ந்துடும். இடி இடிக்கறப்போ கரண்ட் ப்ளக்க மட்டும் புடுங்கினா பத்தாது. கேபிள் ஒயர், டிஷ் ஒயர், மோடத்துல இருந்து வர்ற லேன் ஒயர் எல்லாத்தையும் கழட்டணும். ஃபைபர் கண்ணாடி இழைங்கறதால அது வழியா இடி வராது, ஆனா அந்த மோடத்தோட அடாப்டர் கரண்ட்லதான மாட்டியிருக்கு, அங்க அடிச்சது லேன் ஒயர் வழியா டிவி வரைக்கும் போகும்.

கேள்வி: ஹோம்ஸ்டே வெச்சிருக்கோம், ஹால்ல ப்ரொஜக்டர் போட்டு மினி பிசில படம் காட்டறோம். புது ப்ரொஜக்டர், ஒரு மணி நேரத்துல சூடாகி ஆஃப் ஆகுது. வெளிய பத்து டிகிரி குளிர்! (வாசகர், ஊட்டி)

பதில்: குளிருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லங்க, காத்து மெல்லிசா இருக்கு. ப்ரொஜக்டர் மெனுவுக்குள்ள ஹை ஆல்டிடியூட் மோடுன்னு ஒண்ணு இருக்கும், 1,500 மீட்டருக்கு மேல அத ஆன் பண்ணணும்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லாமே இந்த கணக்குல வந்துடும். ஆன் பண்ணா ஃபேன் வேகமா சுத்தும், சத்தம் கொஞ்சம் கூடும், அது பரவால்ல, லாம்பும் மிஷினும் பொழைக்கும். விருந்தாளி இல்லாத மாசத்துல சீலிங்லயே தொங்க விடாதீங்க, லென்ஸுக்குள்ள பூஞ்ச போச்சுன்னா படத்துல நடுவுல மேகம் மாதிரி ஒரு கறை நிக்கும், அத எடுக்க ஆகற செலவுக்கு புதுசே வாங்கலாம். எறக்கி மூடி போட்டு டப்பால வைங்க.

கேள்வி: ராஸ்பெரி பை 5-ன்னு ஒரே போர்டுல வர்ற குட்டி கம்ப்யூட்டர் வாங்கினா போதாதா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: டிஸ்க்ல இருக்கற படம் மட்டும்னா போதும். ஹெச்இவிசி 4கே ஹார்டுவேர்லயே ஓடும், பழைய ஹெச்264 படத்த ப்ராசஸரே சமாளிச்சுடும், டிவி ரிமோட்டாலயே கோடிய நகத்தலாம், இந்த வசதி பெரும்பாலான கம்ப்யூட்டர்ல கெடையாது. யூடியூப் 4கே வேணும்னா மட்டும் என்100 பக்கம் வாங்க. பைக்கு அடாப்டர், கேஸ், கார்டு எல்லாம் தனித்தனியா வாங்கி கூட்டிப் பாத்தா விலைல பெருசா வித்தியாசமும் இருக்காது.

கேள்வி: அதே மிஷின்ல கேமும் ஆடணும் அண்ணா, அப்பா 40,000-க்கு மேல தர மாட்டார். (மாணவர், குன்னூர்)

பதில்: அப்பா சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி. ரைசன் 5 5600ஜி மாதிரி கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கற ப்ராசஸர்ல ஒரு சின்ன டவர் போடு, ராம் மட்டும் ஒரே குச்சியா இல்லாம ரெண்டு 8 ஜிபி குச்சியா போடு, அப்போதான் உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் முழு வேகம் எடுக்கும். லைட்டான கேம் எல்லாம் ஓடும், படமும் ஓடும், ஏவி1 மட்டும் ஹார்டுவேர்ல வராது. ஸ்பீக்கர அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பின்னாடி வேல கெடச்சா கார்டு சேத்துக்க எடம் இருக்கற மதர்போர்டா எடு.

கேள்வி: வயர்லெஸ் கீபோர்டு சோஃபால இருந்து அடிச்சா பாதி எழுத்து விழ மாட்டேங்குது, பக்கத்துல போனா சரியா இருக்கு. பேட்டரி புதுசு. (வாசகி, பந்தலூர்)

பதில்: அதோட குட்டி ரிசீவர நீலக் கலர் யூஎஸ்பி 3 போர்ட்ல, ஹார்டு டிஸ்க்குக்கு பக்கத்துல மாட்டியிருப்பீங்க. யூஎஸ்பி 3 ஓடறப்போ 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கெளப்பும், கீபோர்டும் அதே அலைல பேசறதால அமுங்கிப் போகுது. ஒரு அடி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி கறுப்பு போர்ட்ல மாட்டி, ரிசீவர டிவிக்கு முன்னாடி தெரியற மாதிரி வைங்கம்மா.

கேள்வி: கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற மாதிரி வெக்கலாமா? அம்மாவுக்கு பொட்டி பின்னாடி கை விட்டு சுவிட்ச் போடத் தெரியல. (வாசகர், கோத்தகிரி)

பதில்: பயாஸ்ல (விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் மெனு) பவர் போய் வந்தா என்ன பண்ணணும்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல ஆன்னு வெச்சா தானா எழுந்துக்கும். ஆனா நம்ம ஊர்ல கரண்ட் ஒரே தடவையா வர்றதில்ல, வந்து போய் வந்து போய்தான் நிக்கும், ஒவ்வொரு தடவையும் மிஷின் பாதி பூட் ஆகி விழுந்தா டிஸ்க்குக்கு கேடு. அதனால ஆஃப்னே விடுங்க. அதுக்கு பதிலா பயாஸ்ல யூஎஸ்பி கீபோர்டுல எழுப்பற வசதி இருக்கான்னு பாருங்க, நெறைய ஆபீஸ் பொட்டில இருக்கும், ரிமோட் மாதிரி இருக்கற சின்ன கீபோர்டுல ஒரு பட்டன் அமுக்கினா போதும். எழுந்த ஒடனே நேரா கோடிலயே போய் நிக்கற மாதிரி வெச்சு, எழுத்து அளவ பெருசாக்கி, அம்மா பாக்கற படத்த எல்லாம் ஃபேவரிட்ல மேல போட்டு விடுங்க. கரண்ட் வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்கன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லி வைங்க.